கட்டுமரமும் நம்மவர் கடமையும்

தமிழ்ச் சொற்கள் சில, பிறநாட்டு மொழிகளிற் குடியேறி வாழ்கின்றன. அவற்றுள் நம் பரதவ குலத்தாரின் கைத்தொழிலினின்றே பிறந்து சென்றது ‘கட்டுமரம்’ என்னுஞ் சொல்லாகும். அதனைச் சொல்லிப் பெருமை பாராட்டுவோர் நம்முட் பலர். அதன் அமைப்பை ஆராய்ந்தறிந்தோர் சிலரே. ஆகலின், கலஞ் சமைக்குந் தொழிலிற் புதுமை எங்ஙனந் தோன்றுகின்றது என்பதனை இக்கட்டுமரத்தின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரியன. ஓயாது அலை மோதும் மணற்கரையினின்றே கலத்தைத் தள்ளவும், அம்மணலிலேயே மீளக் கரையேற்றவும் வேண்டும். இவ்விடருக்கு நம் முன்னோர் கண்ட விடையே கட்டுமரம். கனமற்ற மரங்களைச் செதுக்கிக் கயிற்றாற் பிணித்தனர். அலைநீர் மேலேறினும் இடைவெளி வழியே வடிந்தொழியும். நீர் நிறைந்து அமிழ்தற்கு உட்குழிவே இல்லை. கரைசேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஊறிய நீர் நீங்க, மிதக்கும் ஆற்றல் மீளும். கோலாமீன் வேட்டைக்குச் செல்வோர் மரங்களின் தொகையை மிகுத்துப் பெரிய கோலாமரங் கட்டினர். சென்னையில் துறைமுகம் அமையுமுன், அலைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாது வைத்துக் கொண்டுசென்றவரும் கட்டுமரக்காரரே.

ஆங்கில மாலுமியாகிய வில்லியம் டாம்பியர் என்பார் 1697-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கலத்தைப் பெயர் சுட்டி வருணித்தார். பின்னர் அப்பெயர் வேறொரு வடிவைப் பற்றிக்கொண்டது. அமெரிக்கக் கலச்சிற்பி நதானியேல் ஹெரஷாப் என்பார், இரண்டு ஒடுங்கிய உடல்களை இணைத்து ‘அமரில்லிஸ்’ என்னும் பாய்க்கலத்தைச் சமைத்து, 1876-ஆம் ஆண்டில் நியூயார்க்குப் பந்தயத்தில் ஏனையவற்றைப் பின்னிடச் செய்தார். தோற்றோர் முறையிட, அக்கலம் பந்தயத்தினின்று விலக்கப்பட்டது. தமிழ்ப்பெயர் பூண்ட அவ்வடிவம் பசிபிக் தீவினரின் இரட்டையோடங்களை ஒத்ததேயன்றி, நம் கட்டுமரத்தை ஒத்ததன்று. உலகின் இரட்டையுடற் கலங்கள் யாவும் நம்மவர் கண்டன என்று மேடைகளிற் கூறுதல் உண்மைக்குப் பொருந்தாது. பெயர் நம்முடையது, அவ்வடிவம் பிறருடையது. இதனை ஒப்புக்கொள்வதால் நமக்கு யாதொரு குறைவுமில்லை.

1968-ஆம் ஆண்டில், அலைச்சறுக்குப் பலகை செய்து வந்த கலிபோர்னியா வாசி ஹோபி ஆல்ட்டர், மணற்கரையினின்று தள்ளி அலைகடக்கத்தக்க இலேசான இரட்டையுடற் கலம் ஒன்றை வெளியிட்டார். மணலில் தட்டும் நடுப்பலகையை நீக்கி, உடல்களின் இருபுறங்களையும் வெவ்வேறு வளைவாக அமைத்துப் பக்கவாட்டில் ஒதுங்குதலைத் தடுத்தார். நம் முன்னோரை எதிர்ப்பட்ட அதே வினாவுக்கு அவர் தம் வழியில் விடை கண்டார். கரையை அறிந்தவனே கலத்தை அறிவான் என்பது இதனாற் பெறப்படும்.

நம் கரையிலும் புதுமை நிகழாமலில்லை. 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் சமைக்கப்பட்டன. கடற்றொழிலாளரே ஓட்டிப் பார்த்துக் கூறிய குறைகள் திருத்தத்திற்கு வழி காட்டின. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எண்ணற்ற கட்டுமரங்களை அழித்தபின், உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையை நிறைத்தன. அவை விரைவும் மீனிடவசதியும் தந்தன. அவற்றோடு எரிபொருட் செலவும் கடனும் வந்தன. கட்டுமரத்தைச் செப்பனிட உளியும் கயிறும் போதும். புதிய படகுக்கோ கடையினின்று வாங்கும் பிசினும் இழையும் வேண்டும். பழையதே நன்றென்று நாம் வாதிடவில்லை. மாற்றத்தின் பயனையும் விலையையும் ஒருங்கே எண்ணித் துணிதல் வேண்டும் என்கின்றோம்.

1920-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கில அதிகாரி இந்தியக் கலங்களின் அமைப்பை ஆராய்ந்து நூலெழுதினார். கட்டுமரங் கட்டும் மேஸ்திரிமாரோ தம் அளவுகளை ஏட்டிலன்றிக் கையிலும் கண்ணிலுமே வைத்திருந்தனர். அவருள் முதியோர் மறைய மறைய அக்கணக்கும் உடன்மறைகின்றது. நம் இளைஞர் மரத்தின் பெயர், நீளம், செதுக்கும் கோணம், கட்டும் முறை ஆகியவற்றை அம்முதியோரிடங் கேட்டு எழுதிவைப்பாராக. இயந்திரக் கல்வி பயின்ற நம் மக்கள் அவ்வேட்டைக் கொண்டு புதுக்கலம் வகுப்பாராக. வகுத்ததை முதலில் அலையில் இறக்கி, வலையிழுப்போர் சொல்லைக் கேட்டுத் திருத்துவாராக. நம் சங்கம் இப்பணிக்கு உறுதுணையாதல் வேண்டும்.