கோட்டை வாயிலில் துப்பாக்கி

திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டிறங்கும் தமிழர் பலருக்கு முதலில் கால் செல்லும் இடம் கிழக்கேகோட்டை. பத்மநாபசுவாமி தரிசனத்துக்கு முன்னும் சாலைக் கடைத்தெருவில் கொள்முதல் தொடங்கும் முன்னும், கோட்டைக்கு அருகிலுள்ள பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைப்பது வழக்கம். அவ்வாறு தேங்காய் உடைத்தவர்களுள், அக்கோவிலை நடத்தி வருவது இந்தியத் தரைப்படை என்பதை அறிந்தவர் சிலரே ஆவர். பத்மநாபபுரத்தில் காவல் புரிந்த நாயர் படையினர், தலைநகர் மாறியபோது தாம் வழிபட்ட கணபதியையும் உடன் கொண்டுவந்தனர் என்பது மரபு. அப்படை பிற்காலத்தில் இந்தியச் சேனையின் மதறாஸ் ரெஜிமெண்டில் இணைந்தது. கோவிலும் அதனுடன் சேனையின் பொறுப்புக்கு வந்தது.

ஆகவே இவ்விநாயகரைக் காவற்காரர்களின் தெய்வம் என்றே கூறலாம். அவர் சந்நிதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால், பாங்கி வாயிலிலே காக்கி உடுப்பும் தொப்பியும் அணிந்து, இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நிற்கும் ஒருவரைக் காணலாம். இவரும் காவற்காரர்தாம். ஆனால் அன்றைய நாயர் படைவீரருக்கும் இவருக்கும் சட்டத்தின் கண்ணில் உள்ள தூரம் மிகப் பெரிது. அத்தூரம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையாளக் கரையில் வாழ்ந்த துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகேசியர், நாயர்கள் ஆயுதத்துடன் நடமாடியதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்தில் வாளும் கேடயமும் குடிப்பிறப்பின் அடையாளங்களாக இருந்தன. வீரன் என்றும் குடிமகன் என்றும் இரு வேறு வகுப்புகள் அந்நாளில் தெளிவாகப் பிரிந்திருக்கவில்லை. அந்நிலையை மாற்றத் தொடங்கியவர் மார்த்தாண்ட வர்மர். உள்நாட்டுப் பிரபுக்களை அடக்கி, அரசனுக்கே கட்டுப்பட்ட நிலைப்படை ஒன்றை அவர் அமைத்தார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றபின், தம் வசப்பட்ட தெ லன்னாய் என்பவரைக் கொண்டே துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சியைப் படைக்கு அளித்தார். 1777இல் இறந்த தெ லன்னாயின் கல்லறை நாகர்கோவில் செல்லும் வழியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதன் மேல் லத்தீனுடன் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. ஊருக்கு வரும் நேயர்கள் ஒருமுறை சென்று பார்க்கலாம்.

பெரிய மாறுதல் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்து ஆண்டுகளிலேதான். அதுவும் முதலில் தமிழ்நாட்டில். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரர்கள் ஊர்களிடமிருந்து காவல் வரி பெற்று, தம் ஆட்களைக் கொண்டு காவல் செய்துவந்த பழைய முறையும் அதனுடன் சரிந்தது. காவல் என்பது கும்பினி சர்க்காரின் வேலையாயிற்று.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் திருவிதாங்கூரின் முறை வந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், 1809 ஜனவரியில் குண்டறைப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயரை எதிர்க்குமாறு மக்களை அழைத்தார். அடுத்த மாதமே கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றி உள்ளே புகுந்தது. மண்ணடியில் தளவாயின் உயிர் பிரிந்தது. திருவிதாங்கூர்ச் சேனை கலைக்கப்பட்டது. அரண்மனைக்கும் ஆசாரங்களுக்குமென ஏறத்தாழ 700 பேர் மட்டுமே எஞ்சினர். கோட்டை இருந்தது, கோவில் இருந்தது, உற்சவம் இருந்தது. போரிடுவதற்கு ஒரு படை இல்லை. எஞ்சிய அந்தக் காவற்படையே 1830இல் நாயர் பிரிகேடு எனப் பெயர் பெற்றது. சர்க்காரின் அனுமதியால் ஆயுதம் ஏந்துபவன் காவலன், மற்றவர் அனைவரும் வெறுங்கைக் குடிகள் என்ற கோடு இந்தக் கோட்டை வாயிலில் அன்று விழுந்தது என்பேன்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1857க்குப் பின் அக்கோடு சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றி இந்தியர் எவரும் துப்பாக்கி ஏந்தக் கூடாது. ஐரோப்பியருக்கோ விலக்கு! உயிருக்கு ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்டால், அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. இந்த அவமதிப்பை எதிர்த்துக் காங்கிரஸ் மகாசபை தன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே தீர்மானம் போட்டது. 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

இந்தியரில் விலக்குப் பெற்ற ஒரு கூட்டத்தாரைக் கர்நாடகத்தில் வாழும் நேயர்கள் அறிந்திருப்பார்கள். 1861இல் குடகு மக்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை இன்னும் நீடிக்கிறது. 2019இல் மத்திய சர்க்கார் அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மற்றவர்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே விதி. 1962 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிறைந்தவர் விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணை நடக்கும்; தேவை இன்னதென்று காட்டவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. உரிமம் ஐந்தாண்டு செல்லும்.

இனி, பாங்கி வாயிலில் நிற்பவரிடம் திரும்புவோம். அவர் உடுப்பைக் கண்டு போலீஸ்காரரைப் போன்ற அதிகாரம் உடையவர் என்று பலர் எண்ணுகிறார்கள். சில சமயம் அவரே அவ்வாறு எண்ணிவிடுவதும் உண்டு. உண்மையில் அவர் கோட்டுக்கு இப்பால், நம் பக்கத்தில் நிற்பவர். துப்பாக்கி ஏந்த அவருக்கும் நமக்கு வேண்டிய அதே உரிமம் வேண்டும். தற்காப்புக்காக அவர் செய்யக்கூடியது, தண்டனைச் சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் அளித்துள்ள தற்காப்பு உரிமையளவே. ஒரு குண்டுமணி கூட அதிகம் இல்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் காவல் நிறுவனச் சட்டம், போலீசாரையோ சேனையினரையோ ஒத்த உடுப்பை அவர் அணிவதையும் குற்றமாக்கியது. அடுத்த ஆண்டு வகுத்த மாதிரி விதிகள், புதிதாய்ச் சேருபவருக்கு வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி வேண்டும் என்றன. முன்னாள் படைவீரருக்கும் போலீசாருக்கும் இது குறைவு. பாங்கிகள் முன்னாள் படைவீரரை விரும்பி அமர்த்துவதற்குப் பயிற்சி ஒரு காரணம். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் அவரிடம் இருப்பது மற்றொரு காரணம்.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் கிழக்கேகோட்டைக்கு அருகிலேயே சான்று உண்டு. 2021 ஆகஸ்டு மாத இறுதியில், இரண்டு மூன்று மைலுக்கு உட்பட்ட கரமனையில் காஷ்மீரத்தவர் ஐந்து பேரைப் போலீசார் கைது செய்தனர். ஏ.டி.எம். இயந்திரங்களில் பணம் நிரப்பும் தனியார் நிறுவனத்துக்கு அவர்கள் காவலர்கள். அவர்களிடமிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கான உரிமங்கள் போலி என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. ஊருக்குப் புதியவர்கள், மொழி அறியாதவர்கள், கூலிக்கு வந்தவர்கள். கதவுக்குப் பின்னே பணம் யாருடையதோ. கைவிலங்கு மட்டும் துப்பாக்கி பிடித்தவன் கைக்கு.

பிழைப்புக்காக வெளிமாநிலம் சென்ற நம்மவர் பலர் பம்பாயிலும் பெங்களூரிலும் காவல் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைக் கருதியே இவ்வளவும் கூறினேன். முதலாளி துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், உரிமத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. பிறர் துப்பாக்கியைச் சுமக்கச் சட்டம் இடம் கொடுப்பது மிகக் குறுகிய வழியில்தான்: உரிமக்காரர் கூடவே இருக்கவேண்டும், இல்லையெனில் பழுது பார்க்கவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, அவருடைய உபயோகத்துக்காகவோ எடுத்துச் செல்வதற்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கவேண்டும். உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அது வெறும் காகிதம். உரிமமற்ற துப்பாக்கிக்கு இன்றுள்ள தண்டனை ஈராண்டுக்குக் குறையாத சிறை.

காவலருக்கும் சாதாரண உரிமக்காரருக்கும் வேற்றுமை வெளிப்படையாகத் தெரியும் காலம் ஒன்று உண்டு. அது தேர்தல் காலம். தேர்தல் அறிவித்ததும், ஒப்படைக்கும்படி உத்தரவு பெற்றவர்கள் தம் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் சேர்த்துவிடவேண்டும். பாங்கிக் காவலர் போன்றோர் தம் வேலையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்பார்கள். அதிகாரிகள் குழு ஆராய்ந்து முடிவு செய்யும். தோட்டக் காவலுக்கென்று துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர் அதை நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்று வீடு திரும்புவார். வாக்கு எண்ணி முடிந்தபின் அந்த ரசீதைக் காட்டினால்தான் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும்.