அஞ்சலட்டையில் ஓர் அரசர்

உருசிய நாட்டில் தனியாரும் அஞ்சலட்டை அச்சிடலாம் என 1894ஆம் ஆண்டில் அரசு இசைவளித்தது. அதன்பின், நாடக நடிகர்களின் வேடத் தோற்றங்கள் அட்டைகளாக வெளிவந்து பெருமளவில் விற்பனையாயின. அவற்றுள் வரலாற்று ஆர்வலர் ஊன்றி நோக்கத்தக்கது, இவான் மஸ்க்வீன் என்னும் நடிகர் மன்னர் பியோதராகத் தோன்றும் படமாகும். தாடியும் பூவேலை செறிந்த அங்கியும் கொண்ட அவ்வுருவில் அரசச் செருக்கைக் காண்பதற்கில்லை. கனிவும் கலக்கமுமே முகத்தில் தெரிகின்றன.

கொடுங்கோலர் எனப் பெயர்பெற்ற நான்காம் இவானின் மைந்தரான பியோதர், 1584 முதல் 1598 வரை அரியணையில் இருந்தார். ஆட்சிப் பொறுப்போ மைத்துனர் போரிஸ் கதுனோவின் கையில் இருந்தது. புதின ஆசிரியர் லியோ டால்ஸ்டாயின் உறவினரான அலெக்சி டால்ஸ்டாய், 1868ஆம் ஆண்டில் இம்மன்னரைத் தலைவராகக் கொண்டு ஒரு நாடகம் எழுதினார். பகைத்து நிற்போரை இணக்குவிக்க முயன்று தோற்றுப்போகும் நல்லவராக அவரைப் படைத்தார். வலுவற்ற மன்னரை மேடையில் காட்டுவது முடியாட்சியின் மாண்புக்கு இழுக்கெனக் கருதிய தணிக்கையாளர் அதற்குத் தடை விதித்தனர். அத்தடை முப்பது ஆண்டுகள் நீடித்தது.

ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் டான்செங்கோவும் தோற்றுவித்த மாஸ்கோ கலை அரங்கு, 1898 அக்டோபரில் இந்நாடகத்தோடுதான் தன் திரையை முதன்முதலாக விலக்கியது. உடைகள் காலத்துக்குப் பொருந்த அமைதல் வேண்டும் என்பதற்காக, அக்குழுவினர் ரஸ்தோவ், யாரஸ்லாவ்ல் முதலிய பழநகரங்களுக்குச் சென்று பழந்துணிகளையும் பூவேலைகளையும் தேடி ஆராய்ந்தனர். அட்டையில் நாம் காணும் அங்கிக்குப் பின்னால் அவ்வுழைப்பு இருக்கிறது. இருபத்து நான்கு வயதே நிரம்பிய மஸ்க்வீன் அவ்வேடத்தால் புகழின் உச்சியை எய்தினார். 1923ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மக்களும் அவரை அக்கோலத்திலேயே கண்டனர்.

முப்பது ஆண்டுகள் அரங்கின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பியோதர், அதே அரசின் அஞ்சல் துறை சுமந்து சென்ற அட்டையில் ஏறி இல்லங்களுக்குள் நுழைந்தார். 1917ஆம் ஆண்டில் முடியாட்சி வீழ்ந்தது. அது அஞ்சிய நாடகமோ அதன் பின்னரும் மேடையில் வாழ்ந்தது. நடிகரின் குரலை அட்டை நமக்குத் தாராது. எனினும், ஆள்வோர் எதற்கு அஞ்சினர் என்பதை அச்சிறு அட்டை இன்றும் உணர்த்துகிறது. பழம்பெட்டிகளில் கிடக்கும் இத்தகைய தாள்களைக் குப்பையென்று எறியாமல் பேணுவது, வரலாற்றுக்கு நாம் செய்யும் கடமையாகும்.