கொட்டை எழுத்தின் வரலாறு

ஒரு செய்தியை ஊரறிய வெளியிட்டால் அதைக் 'கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான்' என்று கூறுவது தமிழர் வழக்கு. செய்தித்தாளின் தலைப்பும், நாடக நோட்டீசும், கடையின் பெயர்ப்பலகையும், மளிகைப் பொட்டலத்தின் நெற்றியும் கொட்டை எழுத்துக்கு உரிய இடங்கள். அச்சுக்கலை ஐரோப்பாவில் தோன்றி ஏறத்தாழ 350 ஆண்டுகள் கழிந்த பின்னரே, விளம்பரத்துக்கென்று தடிப்பாக வார்க்கப்பெற்ற எழுத்து உலகில் பிறந்தது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அவ்வெழுத்தின் வரலாற்றை இங்கு எழுதத் தூண்டியது ஒரு குழம்புப்பொடி உறை.

நம் காலனியில் பொடி வகைகள் செய்து விற்கும் குடும்பம் ஒன்று உண்டு. தாயும் இரு மகளிரும் வறுத்து அரைத்து, கையால் அடைத்து, கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்து முன்னுக்கு வந்தவர்கள். சென்ற ஆண்டு இரண்டு மாத வருவாயைச் செலவிட்டுப் பத்தாயிரம் உறைகள் அச்சிட்டனர். 'நன்றாகத் தடிப்பாக இருக்கட்டும்' என்பதே அவர்கள் அச்சகத்தாரிடம் சொன்ன ஒரே சொல். கணினியில் இருந்தவற்றுள் மிகத் தடித்த எழுத்து இடம்பெற்றது. உறைகள் வந்து சேர்ந்தபோது 'குழம்பு' என்பதிலுள்ள ழகரம் ஒரு கறுப்புத் திட்டாக இருந்தது. 'மணமுள்ள' என்று எழுதிய இடத்தில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, 'மனமுள்ள' என்று படிக்கும்படி ஆயிற்று. 'பொடிக்கு மனம் உண்டு. மணந்தான் இல்லை' என்று காலனிப் பெரியவர் ஒருவர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு, அவர்களுக்கு இரண்டு மாத உழைப்பு.

தடிப்பாக இருந்தால் கண்ணிற் படும் என்று அவர்கள் எண்ணியது பிழையன்று. இலண்டன் மாநகரத்து வணிகர் 200 ஆண்டுகளுக்கு முன் எண்ணியதும் அதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை அச்செழுத்து என்பது நூலுக்கு உரியது. கையில் ஏந்தி, ஓர் அடித் தொலைவில் வைத்துப் படிப்பதற்கென்று அமைந்தது. விளம்பரம் வேண்டியவர்களும் அந்நூல் எழுத்தையே சற்றுப் பெரிதாக வார்த்துப் பயன்படுத்தினர். தொழிற்சாலைகள் பெருகி, சரக்கு மிகுந்து, ஒரே தெருவில் பலர் ஒரே பொருளை விற்கத் தொடங்கிய பின்னர் அது போதவில்லை. சுவரில் ஒட்டிய தாளை, நடந்து செல்பவன் நிற்காமலே படிக்க வேண்டும். இத்தேவையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் இராபர்ட் தார்ன் என்ற எழுத்து வார்ப்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நூல் எழுத்தின் தடித்த கோட்டை மேலும் மேலும் பருக்கச் செய்து, மெல்லிய கோட்டை மயிரிழைபோல் அப்படியே விட்டார். பருமுக எழுத்து என்று நாம் அதனைச் சொல்லலாம். பெருவயிறும் ஈர்க்குச்சிக் கால்களும் உடைய மனிதனைப் போன்றது அதன் தோற்றம்.

இதனை மிகுதியாக விரும்பியவர்கள் அரசாங்க லாட்டரிச் சீட்டு விற்பவர்கள். 1826இல் இங்கிலாந்தில் அந்த லாட்டரி நிறுத்தப்படும் வரை, அதன் விளம்பரத் தாள்களில் இவ்வெழுத்துக்கள் கூச்சலிட்டன. இதில் ஒரு வேடிக்கை. 1820இல் தார்ன் இறந்தபின் அவருடைய வார்ப்படச்சாலை ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்த வில்லியம் தாரோகுட், தமக்கு லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டே வாங்கினார் என்பர். நூல் அச்சிடும் பெருமக்களுக்கோ இவ்வெழுத்து அறவே பிடிக்கவில்லை. டாமஸ் ஹான்சார்டு என்ற அச்சாளர் 1825இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றை விகாரங்கள் என்று இகழ்ந்தார். இகழ்ச்சி வணிகத்தைத் தடுத்ததில்லை.

மயிரிழைக் கோடு அச்சில் எளிதில் உடைந்தது. தொலைவிலிருந்து கண்ணுக்கும் தெரியவில்லை. ஆகவே அடுத்த மாற்றம் வந்தது. வின்சென்ட் பிக்கின்ஸ் என்பவர் 1817ஐ ஒட்டிய தம் மாதிரிப் புத்தகத்தில், எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே பருமனாகவும், கோட்டின் முனையில் உள்ள அடிக்கட்டைகளும் அதே பருமனாகவும் அமைந்த எழுத்தைக் காட்டினார். 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் அந்த அடிக்கட்டைகளையே நீக்கி, வெறுங்கோடுகளால் ஆன எழுத்தை வெளியிட்டார். அதற்கு 'எகிப்தியன்' என்று பெயரும் இட்டார். நெப்போலியன் படையெடுப்புக்குப்பின் எகிப்து என்றாலே இலண்டனில் மோகம். மாதிரிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. அதுவும் முதலெழுத்துக்கள் மட்டும். அன்று அதை ஏறெடுத்துப் பார்த்தவர் அரியர். இன்று உலகெங்கும் கடைப்பலகைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் நாம் காணும் வெற்றெழுத்தின் பாட்டனார் அந்த ஒரு வரியே.

உருவம் கிடைத்தது, அளவு கிடைக்கவில்லை. ஓரடி உயர எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத கனம், விலையும் மிகுதி, ஆறும்போது முகம் குழிந்துவிடும். 1827இல் நியூயார்க் நகரத்து டேரியஸ் வெல்ஸ், சுழலும் உளியினால் மரத்தில் எழுத்தைக் குடையும் பொறி அமைத்து இக்குறையைத் தீர்த்தார். மர எழுத்து கனமில்லாதது, மலிவானது. நம் நாட்டு அச்சுக்கூடங்களிலும் பெரிய சுவரொட்டிகளுக்கு மர எழுத்துக்களே நெடுநாள் பயன்பட்டன.

1845இல் இலண்டன் இராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் எழுத்து வேறொரு வகையில் புதுமை. அது சுவருக்கு அன்று, அகராதிக்கு. மெல்லிய எழுத்துக்களின் நடுவே சொல்லைமட்டும் தடிப்பாக எடுத்துக்காட்ட அது பயன்பட்டது. அரசாங்கப் பதிவு அதற்கு மூன்றே ஆண்டுப் பாதுகாப்பு அளித்தது. அக்காலம் முடிந்தவுடன் போட்டியாளர் எல்லாரும் தத்தம் கிளாரண்டனை வார்த்துவிட்டனர்.

இவ்வளவும் சுவரொட்டியையும் நூலையும் பற்றியது. பொட்டலத்துக்கு எழுத்து வந்தது எப்போது? மூட்டையிலிருந்து அள்ளி, நிறுத்து, தாளில் மடித்துக் கொடுத்த காலத்தில் பொருளுக்குப் பெயர் வேண்டியதில்லை. கடைக்காரரின் முகமே பெயர். 1879இல் புரூக்லினில் இராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மடிப்புத் தடம் பதிக்க வேண்டிய உலோகத் தகடு சற்று உயர்ந்திருந்ததால் பையை வெட்டிவிட்டது. வெட்டுவதையும் மடிப்பதையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்று அவர் உணர்ந்தார், அட்டைப்பெட்டி மலிவாயிற்று. இங்கிலாந்தில் லீவர் கம்பெனியார் 1880களில் சன்லைட் சவர்க்காரத்தைத் தனித்தனியே உறையிட்டு, பெயர் பொறித்து விற்றனர். 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் அச்சவர்க்காரப் பெட்டிகள் வந்து இறங்கின. பொருளைவிட எழுத்து முன்னே நின்று பேசும் வாணிகம் இந்நாட்டுக்கு வந்த வழிகளுள் அது ஒன்று.

1922இல் சிகாகோவில் ஆஸ்வால்டு கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக் என்ற எழுத்தையும் இங்கே சொல்லவேண்டும். எத்துணைத் தடிப்பாயினும் மூலை முடுக்கெல்லாம் உருண்டு, மாவுருண்டைபோல் மென்மையாகத் தோன்றுவது அது. கூரிய மூலை இல்லாமையால் மை சற்றுப் பரவினாலும் வடிவம் கெடாது. உரத்த குரலில் அன்பாகப் பேச இயலும் என்று காட்டிய எழுத்து. தின்பண்ட உறைகளில் அது வேரூன்றியதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமோ?

இனித் தமிழுக்கு வருவோம். உரோமன் எழுத்து அகன்ற இறகுப்பேனாவின் வழியில் வந்தது. தேவநாகரி சாய்த்து வெட்டிய நாணற்பேனாவின் வழியில் வந்தது. இரண்டிலும் தடித்த கோடும் மெல்லிய கோடும் பிறப்பிலேயே உண்டு. எங்கே பருக்க வேண்டும் என்பதைப் பேனா முன்னரே சொல்லிவிட்டது. தமிழ் எழுத்தோ பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பெற்றது. எழுத்தாணிக்குத் தடிப்பும் மெலிவும் இல்லை. ஒரே அளவான கோடு. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியையும் பலர் இடாமல் விட்டனர். இத்தகைய எழுத்து அச்சுக்கு வந்தபோது பருமனை எங்கே ஏற்றுவது என்பது பெருங்கேள்வியாயிற்று.

தரங்கம்பாடியின் கதை இதற்கு ஏற்றது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து அங்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியவை. நூல் முழுவதும் அவற்றால் அச்சிட்டால் தாள் போதாது. சீகன்பால்கும் அவரைச் சேர்ந்தவர்களும் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர். அதற்கு வேண்டிய ஈயத்தை, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கி எடுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. உறையில் எழுத்தைப் பொறிப்பதே நாம் அறிந்தது. அங்கு உறையே எழுத்தாயிற்று!

அன்று முதல் தமிழ் அச்சின் முயற்சி பெரும்பாலும் சிறிதாக்குவதில் இருந்தது. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் சிறிய, தெளிவான எழுத்துக்களை ஆக்கி, 1862இல் வின்சுலோ அகராதியை அச்சிட்டது அதன் சிகரம். தடிப்பாக்குவதில் உள்ள இடர் வேறு. ஆங்கிலத்தில் ஓ என்னும் எழுத்துக்கு ஒரே உள்வெளி. தமிழில் ணகரத்தையும் ஞகரத்தையும் பாருங்கள். வெளிக்கோட்டைப் பருக்கச் செய்யுந்தோறும் உள்ளே உள்ள வெள்ளை சுருங்குகிறது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழி. மெய்க்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடு ஒரு புள்ளி. அவை அடைபட்டால் அழகு மட்டும் கெடுவதில்லை, சொல்லே மாறுகிறது. பழைய வடிவங்களில் லை, ளை, னை, ணை ஆகியவற்றின் மேல் வளைந்த துதிக்கையும், றா, ணா, னாக்களின் கீழ்ச் சுழியும் இத்தொல்லையை மிகுவித்தன. பெரியார் 1935இலேயே குடி அரசில் கையாண்டதும், தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டதும் ஆகிய எழுத்துச் சீர்திருத்தத்தைப் பலரும் பலவாறு பேசுவர். பலகை எழுதுபவனுக்கும் உறை அச்சிடுபவனுக்கும் அது செய்த உதவியைப் பேசுவோர் சிலரே.

சிவகாசியார் இச்சிக்கலை வேறு வழியில் கடந்தனர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். அத்தொழிலுக்கு லேபிள் வேண்டும்; லேபிளுக்காக அச்சுத்தொழில் வளர்ந்தது. கல்லச்சில் படத்தையும் எழுத்தையும் ஓவியனே வரைவான். வார்த்த எழுத்தின் கட்டுப்பாடு அவனுக்கு இல்லை. ழகரம் வந்தால் அதன் வயிற்றைச் சற்று அகலப்படுத்துவான். இடம் குறைந்தால் அடுத்த எழுத்தை நெருக்குவான். கண் சொன்னதைக் கை செய்தது.

கணினி வந்தபின் அந்தக் கை விலகிற்று. எழுத்தைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு விற்பவரிடமே வந்து சேர்ந்தது. எனினும் இன்று நல்ல எழுத்துக்களுக்குப் பஞ்சமில்லை. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் குழுவினர் 2010களின் நடுவில் வெளியிட்ட 'பலூ' என்ற தடித்த எழுத்துக் குடும்பம், வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. அதன் தமிழ் எழுத்துக்குப் பெயர் 'பலூ தம்பி'. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி எனப் பல மொழிகளிலும் உடன்பிறந்தான் முறையே பெயராக அமைந்திருக்கிறது. நம்மைப் போன்று பிற மாநிலத்தில் வாழ்வோருக்கு இதில் ஒரு பயன் உண்டு. ஒரே உறையில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் இடம்பெற வேண்டியிருக்கிறது. மூன்றையும் மூன்று கடையில் வாங்கிய சட்டைபோல் ஒட்டவைத்தால் உறையே சண்டைக்களமாகும். ஒரு குடும்பத்து எழுத்தாயின் கருமை ஒத்து நிற்கும். 2022இல் அதே குழுவினர் வெளியிட்ட அனேக் வரிசையில் தடிப்பையும் அகலத்தையும் வேண்டிய அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஓவியன் செய்த வேலையில் ஒரு பகுதியை அது திருப்பித் தந்திருக்கிறது.

குழம்புப்பொடிக் குடும்பத்தார் இம்முறை அவசரப்படவில்லை. நான்கு வகை எழுத்துக்களில் உறையின் உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டு, நான்கு டப்பாக்களில் ஒட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தனர். பாட்டியைக் கண்ணாடி இல்லாமல் பத்தடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொன்னார்கள். மிகத் தடித்த இரண்டிலும் பாட்டி 'குழம்பு' என்ற சொல்லில் இடறினார். அதற்கு ஒரு படி மெலிந்த எழுத்தை, 'மணமுள்ள' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி அமைத்தபோது, தடித்ததைவிட அதுவே முன்னே தெரிந்தது. பிளாஸ்டிக் உறையில் மை பரவும் என்பதால், ஆயிரம் உறைகள் மட்டும் முதலில் அச்சிட்டு வாங்கினார்கள். எடை குறிக்கும் எண்களின் உயரத்துக்கு 2011ஆம் ஆண்டு விதிகளில் அளவு சொல்லப்பட்டிருப்பதை மூத்த மகள் தேடிப் படித்து, அதனையும் அளந்து பார்த்தாள்.

பழைய உறைகளில் ஏழாயிரத்துக்கு மேல் இன்னும் அவர்கள் பரண்மேல் இருக்கின்றன.