துறையடிகள்: கொட்டியாரக் கரையில் ஒரு மாரிப் பயணம்

மோட்டார் சைக்கிளில் ஒரு தறப்பாளும் இரண்டு பாயும் கட்டி, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அடைமழைக் காலத்தில் கடற்கரையில் இராத்தங்கப் போகிறேன் என்றதும் மச்சினன் சிரித்துவிட்டார். "வெள்ளைக்காரன் மாதிரியெல்லோ வெளிக்கிட்டிருக்கிங்க மச்சான்" என்றார். நாற்பதைத் தாண்டிய பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது தேவையா என்பதுதான் அதன் பொருள். அந்த வெள்ளைக்காரனுக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் பேச்சில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வீதி. மற்றது, மிதவைகளின்மேல் பலகை பரப்பி, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதக்கும் தட்டு. "பாதை அக்கரையில நிக்குது" என்று சொன்னால் வெளியூரார் திகைப்பார்கள். நாங்களோ தேநீர்க் கடை வாங்கிலில் போய்க் குந்துவோம். திருகோணமலையிலிருந்து சீனக்குடா வழியாக மூதூருக்குத் தரைவழியே போகிறவன் முன்பு கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறை துறையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மகாவலியை எங்கள் பக்கத்தில் கங்கை என்றே சொல்வோம். 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் விழுகின்ற அந்த ஆறும், அதன் கிளைகளும், கடல் உள்ளே புகுந்த களப்புகளும் சேர்ந்து இந்தக் கரையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. அந்த நாளில் மாரியில் ஆறு பெருகினால் பாதை ஓடாது. அதனால் மூதூரார் பலருக்குத் தரைவழியைவிட லோஞ்ச்தான் நம்பிக்கையாக இருந்தது.

துறையடியைப் பற்றி இனிமையாகவே எழுதிவிடலாம். அவித்த கச்சான், நண்டு விற்கும் பொடியன்கள், அக்கரையில் யார் மௌத்து, யாருக்குக் கலியாணம் என்ற செய்திகள் எல்லாம் அங்கேதான் கைமாறின. மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் தம் கதைத் தொகுதிக்குத் 'தோணி' என்று பெயர் வைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் என் உம்மாவிடம் துறையடி பற்றிக் கேட்டால் வேறு கதை வரும். தங்கச்சி வயிற்றிலிருந்தபோது நடுச்சாமத்தில் இடுப்புவலி கண்டு, மாட்டு வண்டியில் துறைக்கு வந்து, அக்கரையில் கட்டியிருந்த பாதைக்கு விளக்கைக் காட்டிக் காட்டி வாப்பா கூப்பிட்டாராம். பாதை வந்தபோது சுபஹ் பாங்கும் சொல்லியாயிற்று, தங்கச்சியும் பிறந்தாயிற்று.

யுத்த காலத்தில் அந்தப் பாதையும் இல்லாமல் போனது. 2005, 2006இல் நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்றபோது, கரையோரமாகத் தெற்கே போக வேண்டியவன் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை என்று நாட்டின் நடுப்பகுதியைச் சுற்றித்தான் போனேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கிண்ணியா வைத்தியசாலையையும் எத்தனையோ வீடுகளையும் கொண்டுபோயிருந்தது. அந்தக் காயம் ஆறுமுன் 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது. ஊரே கால்நடையாகக் கந்தளாய்க்குப் புறப்பட்டது. என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் நடந்தவள்; அப்போது எங்களுக்குக் கலியாணம் ஆகவில்லை.

2009 ஒக்ரோபர் 20இல் சவூதியின் நிதியுதவியில் கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். 2011இல் பிரான்சின் உதவியோடு உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. அரை நாள் பயணம் ஒரு மணித்தியாலமாகச் சுருங்கியது. மழையில் அந்தப் பாலத்தில் ஏறியபோது, காற்று சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளியது. "இஞ்சாருங்க, மெதுவாப் போங்க. முந்தி இதுல அரை நாள் நின்டோமே, இப்ப என்ன அவசரம்?" என்றாள்.

மூதூருக்கு அப்பால், அவளுடைய சாச்சாவின் மீன் வாடிக்குப் பக்கத்தில் தறப்பாளைக் கட்டினோம். இரவு முழுக்க வாடைக்காற்று அதைப் பறை மாதிரி அடித்தது. தூக்கம் வராதபோதுதான் அந்த வெள்ளைக்காரனின் ஞாபகம் வந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்டவும் கொஞ்சம் வியாபாரம் செய்யவும் அது கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரும் மகன் றொபேட் நொக்ஸும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் இங்கேதான் பிடிபட்டார்கள். தந்தை மறு வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 வருடங்களின்பின் 1679இல் தப்பி, மன்னார்க் கரையின் அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலைக் கொண்டுதான் கண்டி இராச்சியத்தை நாங்கள் பாடசாலையில் படிப்பிக்கிறோம். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மூதூர் மரத்தடிக்கு 1893இல் கல் நாட்டினார்கள். ஊரார் அதை வெள்ளைக்காரன் மரம் என்பார்கள். மழைக்கு ஒதுங்கிய ஒரு பிறத்தியானுக்கு எங்கள் கரையில் கல் இருக்கிறது. துறையடியில் தவறிப்போன எங்கள் ஆட்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இருப்பதாக நான் காணவில்லை.

2021 நவம்பர் 23 காலை. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்களை இழுவைப் பாதையில் ஏற்றி இறக்கினார்கள். அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளும் அதற்குள். வேறொரு கிராமத்துப் பள்ளியில் நான் வகுப்பில் வரவு கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் பதிவேட்டை மூடிவிட்டு, பிள்ளைகளைத் தலை தலையாக எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். இருந்தும் மறுபடி எண்ணினேன். 396 மீற்றர் பாலம் வந்து பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, அதே கிண்ணியாவில் நடந்தது இது.

மறுநாள் மழை விட்டிருந்தது. தறப்பாளைப் பிழிந்து கட்டிக்கொண்டு திரும்பினோம். கிண்ணியா வந்ததும், குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஒருக்காத் திருப்பவா என்று கேட்டேன்.

"வேணாம். நேரே போங்க" என்றாள். பாலத்தைத் தாண்டும்வரை என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.