முகவரியைக் கட்டும் விதி: தமிழ் ஊர்ப்பெயர்களும் இணைய வழித்தடப் பகிர்வும்

தமிழ் விக்கிப்பீடியாவில் பரமக்குடி பக்கத்தின் முகவரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், ஊர்ப்பெயர் பெரும்பாலும் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகிவிடுகிறது. ‘பரமக்குடி’ யூனிகோடில் 9 குறியீடுகள் கொண்டது. யுடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 குறிகளாக விரிவதால் மொத்தம் 81 குறிகள். இந்தச் சரத்தைச் சர்வரும் கட்டலாம், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டும் கட்டலாம். யார் கட்டினாலும் விதி ஒன்றாக இருக்க வேண்டும். அது சர்வரில் பிறந்து பிரவுசருக்குப் போக வேண்டும் என்பதே என் வாதம்.

பல நிரல்களில் இப்படி நடப்பதில்லை. சர்வரில் ஒரு வழித்தடம், அதாவது எந்த முகவரிக்கு எந்த நிரல் பதில் தரும் என்ற விதி, எழுதப்படுகிறது. அதையே ஜாவாஸ்கிரிப்டில் இன்னொருவர் கையால் எழுதிவைக்கிறார். சர்வரில் பாதை மாறும்போது இரண்டாவது படி பழையபடியே நின்றுவிடும். வலைச் சட்டகங்களான லாரவெல்லுக்கான சிக்கி, சிம்ஃபனிக்கான எஃப்ஓஎஸ் ஜேஎஸ் ரௌட்டிங், ரெயில்ஸுக்கான ஜேஎஸ்-ரௌட்ஸ் ஆகிய கருவிகள் இக்குறையைத் தீர்க்கவே வந்தன. வழித்தடத்துக்குச் சர்வரில் வைத்த பெயரைச் சொன்னால் போதும், முகவரியைக் கருவியே கட்டித் தரும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இதைத் தனக்கே உரிய முறையில் செய்திருக்கிறது. பக்க முகவரியின் வார்ப்பு, தலைப்புக்கு ஓர் இடம் விட்டு, சர்வர் அமைப்பில் ஒரே வரியாக இருக்கிறது. அந்த வரியே பிரவுசருக்கும் அனுப்பப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அந்த இடத்தில் தலைப்பைப் பொருத்திக்கொள்கிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. மீடியாவிக்கியின் சர்வர் நிரல் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியின் குறியேற்றமும் ஜாவாஸ்கிரிப்டின் குறியேற்றமும் முழுக்க ஒத்துப்போவதில்லை. பிறை அடைப்பு, ஆச்சரியக்குறி, நட்சத்திரக்குறி ஆகியவற்றை ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான செயற்கூறு அப்படியே விட்டுவிடும். பிஎச்பியின் செயற்கூறு அவற்றையும் மாற்றிவிடும். மீடியாவிக்கியின் பிரவுசர் நிரல், பிஎச்பி தரும் விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்படி தன் விடையைத் திருத்திக்கொள்கிறது. வார்ப்பை மட்டும் பகிர்ந்தவர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள்.

தமிழில் மீதிப் பாதியின் கனம் கூடுதல். பரமக்குடி இருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊரான தொண்டியைப் பார்க்கலாம். அதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முகவரியிலோ முதலாவது 54 குறி, இரண்டாவது 63 குறி. சர்வர் ஒரு வடிவத்தைச் சேமித்துவைத்திருக்க, பிரவுசர் மற்றதை அனுப்பினால், இருக்கும் ஊருக்கே ‘பக்கம் இல்லை’ என்ற பதில் வரும். மீடியாவிக்கி உள்வரும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதால் தப்பிக்கிறது. ஊர்ப்பெயரை முகவரியில் வைக்கும் எந்தத் தமிழ்த் தளமும் இந்த ஒழுங்குபடுத்தலை வழித்தட விதியின் பகுதியாகவே கருத வேண்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

முகவரியைப் பிரவுசர் கட்டவே கூடாது என்பாரும் உண்டு. ராய் ஃபீல்டிங் 2000-இல் தம் முனைவர்பட்ட ஆய்வேட்டில் வகுத்த நெறிப்படி, அடுத்துச் செல்லும் இணைப்புகளைச் சர்வரின் பதிலே சுமந்து வர வேண்டும். தேடல் முடிவுகளுக்கும் பட்டியல்களுக்கும் இதுவே சிறந்த வழி என்று நானும் கருதுகிறேன். ஆனால் பயனர் தட்டச்சிடும் பெயர் சர்வருக்கு முன்கூட்டித் தெரியாது. அங்கே 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6570 என்ற இணைய நெறி ஆவணம் கைகொடுக்கிறது. வெற்றிடம் விட்ட முகவரி வார்ப்பைச் சர்வர் அனுப்பலாம். அதை நிரப்பும்போது எந்தக் குறியை எப்படி மாற்றுவது என்பதையும் அந்த ஆவணமே வரையறுக்கிறது.

வழித்தடங்களை ஒன்றுவிடாமல் பிரவுசருக்கு அனுப்புவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. நிர்வாகப் பகுதியின் பாதைகளும் பெயர்களும் யார் கண்ணிலும் படும்படி பக்கத்தின் மூலநிரலில் கிடக்கும். பாதையை மறைப்பது பாதுகாப்பாகிவிடாது, அனுமதிச் சோதனை சர்வரில்தான் நடக்க வேண்டும். எனினும் தேவையற்றதைக் காட்டுவானேன்? சிக்கியில் எந்த வழித்தடங்கள் வெளியே போகலாம் என்று தேர்ந்துகொள்ள வசதி உண்டு. அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்த வேண்டும்.

பகிர்ந்த பிறகும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. காலையில் திறந்த பக்கத்தை மாலைவரை மூடாமல் வைத்திருப்பவரின் பிரவுசரில் காலை நேரத்து வழித்தடங்களே இருக்கும். இடையில் சர்வர் மாறியிருந்தால், பழைய பாதைக்கு வரும் கோரிக்கையைப் புதிய பாதைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு சர்வரிலேயே இருந்தாக வேண்டும்.