மரியல் படகுகள்: 2 பேரும் 98 பேரும்

அல் பசினோ நடித்த 'ஸ்கார்ஃபேஸ்' (1983) படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து மயாமி வந்து, போதைப்பொருள் தாதாவாக மாறும் ஓர் அகதியின் கதை. படம் விறுவிறுப்புதான். ஆனால் அந்தப் படகுகளில் உண்மையில் வந்தவர்கள் யார்? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

1980 ஏப்ரல் 1. ஹவானாவில் சிலர் ஒரு பேருந்தைப் பெரு நாட்டுத் தூதரக வேலியில் மோதி உள்ளே நுழைந்து அடைக்கலம் கேட்டார்கள். அவர்களை ஒப்படைக்கப் பெரு மறுத்தது. கோபத்தில் பிடல் காஸ்ட்ரோ தூதரகக் காவலை விலக்கிக்கொண்டார். அவ்வளவுதான்! சில நாட்களில் 10,000 பேருக்கு மேல் அந்த வளாகத்துக்குள் குவிந்துவிட்டார்கள். பிறகு, போக விரும்புகிறவர்கள் போகட்டும் என்று மரியல் துறைமுகத்தையே திறந்துவிட்டார். மயாமியில் இருந்த உறவினர்கள் கிடைத்த படகுகளில் எல்லாம் கிளம்பினார்கள். இலையுதிர் காலத்துக்குள் சுமார் 1,25,000 பேர் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள்.

மருத்துவப் பரிசோதனை, கைரேகை, விசாரணை எல்லாம் நடந்தன. மயாமியில் சொந்தபந்தம் உள்ளவர்கள் சீக்கிரம் வெளியேறினார்கள். மற்றவர்கள் ஆர்கன்சாவின் சாஃபி கோட்டை போன்ற ராணுவ முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். யாராவது ஓர் அமெரிக்கர் பொறுப்பேற்றால்தான் வெளியே வரமுடியும். தனியாக வந்த இளைஞர்களுக்கு யார் பொறுப்பேற்பார்கள்? மாதக்கணக்கில் காத்திருப்பு. ஜூன் 1 அன்று சாஃபியில் கலவரமே வெடித்தது. அன்றைய ஆர்கன்சா ஆளுநர் பில் கிளிண்டன் அந்த நவம்பரில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வேடிக்கை. அதே 1980 மார்ச்சில்தான் அமெரிக்காவில் புதிய அகதிகள் சட்டம் வந்திருந்தது. ஆனால் இவர்களுக்கு 'அகதி' என்ற பெயர் கிடைக்கவில்லை. 'நுழைந்தவர்கள்' என்று ஒரு புதுப் பெயரை அரசு கண்டுபிடித்தது. நிரந்தர வசிப்புரிமைக்கான வழி 1984-இல்தான் திறந்தது.

சிறைகளில் இருந்தும் மனநலக் காப்பகங்களில் இருந்தும் சிலரைக் காஸ்ட்ரோ படகேற்றி அனுப்பியது உண்மைதான். ஆனால் 1984 ஒப்பந்தப்படி திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் இருந்தவர்கள் 2,746 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 100-க்கு 2 பேர்தான்!

மீதி 98 பேரும் வேலை தேடினார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் சினிமா எடுத்தது அந்த 2 பேரைப் பற்றித்தான். அகதிகள் என்றாலே குற்றவாளிகள் என்று யாராவது அடுத்தமுறை சொன்னால், இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.