ஆமை புகுந்த வீடு

சிவகாசிப் பக்கம் மீன் தொட்டி விற்கும் கடைகளில் உள்ளங்கையில் அடங்குகிற பச்சை ஆமையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். "வாஸ்துவுக்கு நல்லது சார், பெருசா வளராது" என்று சொல்லித்தான் கொடுப்பாங்க. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்ன ஜனங்கள் நாம்! (அது ஆமை இல்லை, பொறாமை, இயலாமை என்று வாட்ஸப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. அமீனா கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வருகிறவர். அவரை என்ன 'ஆமை'யில் சேர்ப்பார்களோ!)

நம்ம கரிசல் காட்டுக்கு ஆமை புதுசில்லை. கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும் பாலாமை உண்டு. புதர்க்காடுகளில் நட்சத்திர ஆமை உண்டு. இரண்டையும் வீட்டில் வைத்திருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமையும் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. தண்டனை 3 முதல் 7 வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

அந்தச் சட்டம் நம்மூர் ஆமைகளைக் காக்க வந்தது. கடைக்காரர் தைரியமாக விற்பது வெளிநாட்டு ஆமையை. அதன் கதைதான் முக்கியம்.

சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. லூசியானாவில் இதற்கென்றே பண்ணைகள் வைத்து, குஞ்சுகளைப் பொம்மை மாதிரி விற்றார்கள். வாயில் வைத்துப் பார்த்த குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமியால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. 1975ல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்க அரசு தடை போட்டது. ஆனால் ஏற்றுமதிக்குத் தடை இல்லை! தங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று முடிவுசெய்த சரக்கு மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடிக்கு மேல். 1997ல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. ஆசியச் சந்தை திறந்தே இருந்தது.

"பெருசா வளராது" என்பது சுத்தப் பொய். பெண் ஆமை ஓரடி நீளம் வரை வரும், 30 வருஷம் வாழும். இன்று ஐந்து வயசு மகளுக்கு வாங்கினால், அவள் பிள்ளைக்கு முடியிறக்கும்போதும் அது இருக்கலாம். வெயில் காய இடம் வேணும். பிளாஸ்டிக் டப்பாவில் நிழலிலேயே வைத்தால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கணும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

வளர்ந்ததும் சலித்துப்போய்க் கண்மாயிலோ கோயில் தெப்பத்திலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று வேறு நினைப்பு. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இது இருக்கிறது. இரையிலும் வெயில் காயும் இடத்திலும் நம்ம பாலாமையோடு போட்டிக்கு நிற்கும். திருச்சூர்ப் பக்கம் வாய்க்காலில் இது தட்டுப்பட்ட பிறகு, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 'தண்ணீரில் விடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தது.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். அதுவரை தொட்டியிலேயே இருக்கட்டும்.